நெமிலிச்சேரி சங்கத்து மணி

ஜபல்பூர்
11-8-1985

அன்புள்ள கஸ்தூரிக்கு,

அக்கா எழுதுகிறேன். ரயிலில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு இரண்டாகி, ஒருவழியாக வந்து சேர்ந்தோம். உன் மாமாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, வேறு குறையில்லை. நீ, லட்சுமணன் தம்பி, குழந்தை சுகுணா எல்லோரும் சௌக்கியம்தானே?

இங்கே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் ஆவடியில் இருந்ததைவிடப் பெரிசு. வாசலில் கொய்யா மரம்கூட இருக்கிறது. இருந்து என்ன? ஆவடியில் கடைத்தெருவுக்குப் போனால் நாலு பேராவது "தலைவியம்மா" என்று நின்று பேசுவார்கள். இங்கே கீரைக்காரி என்னை யாரோ ஒரு பெண்பிள்ளை என்று பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி இந்தியில் ஏதோ கேட்டாள். சிரித்து வைத்தேன்.

இனி சங்கத்து விஷயம். நம் நெமிலிச்சேரி மகளிர் சேவைச் சங்கம் நான் பிள்ளை மாதிரி வளர்த்தது. மாமாவுக்கு மாற்றல் வந்த ஒரே காரணத்தால்தான் உன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ பொறுப்புத் தலைவி. ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவோம் என்று மாமா சொல்கிறார். அதுவரை நாற்காலி ஆறிப்போகாமல் பார்த்துக்கொள், அது போதும். புதிதாக ஒன்றும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. தண்டவாளத்து ஓரக் குடிசைப் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட ரயில்வேயிடம் இடம் கேட்டு நான் அஞ்சு வருஷமாக மனு போட்டு வருகிறேன் அல்லவா, அது பாட்டுக்கு நடக்கட்டும். யார் என்ன சொன்னாலும் வார்டு மெம்பர் திருவேங்கடம் வீட்டுக்கு மட்டும் போகாதே. என்னை வாசலில் நிற்க வைத்துப் பேசிய மனுஷன் அவன்.

இட்லிக்கடை குப்பம்மாவிடம், நான் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துவைத்த கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல். அடுப்புப் புகை ஆகாது.

என்றும் உன் நலம் கோரும்,
அக்கா பார்வதம்

*

நெமிலிச்சேரி
25-8-1985

அன்புள்ள அக்காவுக்கு,

கஸ்தூரியின் நமஸ்காரம். மாமாவுக்குச் சளி விட்டதா? மிளகும் பனங்கற்கண்டும் அங்கே கிடைக்குமோ என்று இவர் கவலைப்படுகிறார். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். சுகுணாவுக்குப் பல் விழுந்துவிட்டது, பெரியம்மாவிடம் காட்ட வேண்டுமென்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை என் முதல் கூட்டம் நடந்தது. தொடங்கலாம் என்று சங்கத்துப் பெட்டியைத் திறந்தால் மரச்சுத்தி மட்டும் இருக்கிறது, மணியைக் காணோம். தலைவி எழுந்து மணியடித்தால்தானே கூட்டம் தொடங்கியதாகக் கணக்கு? வனஜா செயலாளர் அல்லவா, அவளுக்குத்தான் முதலில் வேர்த்தது. பேபியும் சொர்ணமும் பள்ளிக்கூட அலமாரி முழுக்கத் தேடினார்கள். கடைசியில் மேசையையே சுத்தியால் தட்டித் தொடங்கினேன், கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. நீங்கள் புறப்படும்போது மணியைப் பட்டுப்புடவையில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக வனஜா சொல்கிறாள். போதும் வாயை மூடு என்று அவளை அதட்டிவிட்டேன். அவசரத்தில் மூட்டையோடு மூட்டையாக வந்திருந்தால், இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

குடிசைப் பக்கம் போயிருந்தேன். நான் நோட்டில் குழந்தைகள் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். குப்பம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா நீ, நின்னுகினே எழுதிகினு கீறே? பார்வதம்மா வந்தா ஊட்டுக்குள்ள வந்து ஒக்காந்து ஒரு வா டீ குடிச்சிட்டுத்தான் போவும்" என்றாள். எந்த வீட்டுக்குப் போனாலும் பார்வதம்மா எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கங்களுடன்,
கஸ்தூரி

*

ஜபல்பூர்
3-9-1985

அன்புள்ள கஸ்தூரிக்கு,

கடிதம் கிடைத்ததும் நின்றபடியே படித்தேன். சளி விட்டது. பனங்கற்கண்டு கிடைக்காது, மிளகு கிடைக்கும். சுகுணாவின் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல், பெரியம்மா வந்து பார்க்கிறேன். வனஜா எப்போதுமே வாய் நீளம். பேபிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மழைக்கு முன்னால் சொர்ணம் வீட்டுக் கூரையை மாற்றினார்களா?

குப்பம்மா வேறு என்ன சொன்னாள்? நீ ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். என்னைப் பற்றிப் பேசினால் அவள் ஒரு வரியோடு நிறுத்துகிறவள் இல்லை. எல்லாவற்றையும் எழுது.

ஒரு விஷயம் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை, கேட்டுவிடுகிறேன். போன கூட்டத்து நோட்டீஸை வனஜா எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தாள். அடியில் "கஸ்தூரி லட்சுமணன், தலைவி" என்று போட்டிருக்கிறது. பொறுப்புத் தலைவி என்றல்லவா போட வேண்டும்? உனக்குத் தெரியாமல் அச்சாகியிருக்கும். நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் பார்.

இங்கே தமிழ்க் குடும்பங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். திருச்சிக்காரர்கள், மதுரைக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து வீடு இருக்கும். மெட்ராஸில் ஒரு பெரிய சங்கத்துக்கு நான் தலைவி, விடுப்பில் வந்திருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் மரியாதையாகப் பழகுகிறார்கள். மேசை மேல் இருப்பதைக் காட்டி விளக்கம் கேட்கிறார்கள், சொல்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ பலவீனமானவள், அதிகம் அலையாதே.

அன்புடன்,
அக்கா பார்வதம்

*

நெமிலிச்சேரி
13-10-1985

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஒரு மாதமாக எழுதவில்லை, மன்னியுங்கள். இங்கே அனைவரும் நலம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன். பேபிக்கு முட்டிவலி அப்படியேதான், வாய் மட்டும் வலியில்லாமல் இருக்கிறது.

அலையாதே என்று எழுதினீர்கள், நான் நன்றாக அலைந்துவிட்டேன். மற்றச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்து வரலாமென்று வனஜாவும் நானும் கிளம்பினோம். அம்பத்தூர்ச் சங்கத்தில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் யார் யாருக்கு என்ன ரத்தம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் ஓடி வந்தால் உடனே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். பூவிருந்தவல்லிச் சங்கத்தார் மாங்காட்டு அம்மனுக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுக்கிறார்கள். அது எல்லோரும் செய்வதுதானே என்று நினைத்தேன். மோருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செருப்பு அறுந்தவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறார் ஒரு பெண்மணி, டீச்சராம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவர்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஏதோ உளறினேன், பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. திட்டாதீர்கள். திருவேங்கடம் வீட்டுக்குப் போனோம். குடிசைகளுக்குப் பின்னால் அவருடைய பழைய மாட்டுக்கொட்டகை சும்மா கிடக்கிறதே, அந்த இடத்தைக் கழிப்பறைக்குக் கேட்டோம். எங்களையும் வாசலில்தான் நிற்க வைத்தார். நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். மறுநாளும் போய் உட்கார்ந்தோம். அதற்கு மறுநாள் குடிசைப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சம்சாரம் பொறுக்க முடியாமல், "எடத்தைக் குடுத்துத் தொலையேன்யா, கோலம் போட வாசல் இல்ல எனக்கு" என்று கத்தினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் அக்கா! ரயில்வேயை இனி நாம் கேட்க வேண்டாம்.

குப்பம்மாவைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாமா? குடிசைப் பெண்களைத் திரட்டியது அவள்தான்.

மாவட்டத் தலைவி பத்மாசனி அம்மாள் ஆண்டு விசிட்டுக்கு ஜனவரியில் வருகிறார்களாம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி எல்லாச் சங்கத்தையும் பார்த்துவிட்டு நம்மிடமும் வருவார்கள். அதற்குள் மணி கிடைத்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
கஸ்தூரி

*

ஜபல்பூர்
20-10-1985

கஸ்தூரிக்கு,

இரண்டு பேரும் சுகம். அங்கும் சுகமென்று நினைக்கிறேன்.

அஞ்சு வருஷம் கஸ்தூரி! அஞ்சு வருஷம் வெயிலில் சைதாப்பேட்டை ஆபீஸுக்கும் சென்ட்ரல் ரயில்வே ஆபீஸுக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தவள் நான். நீ ஒரு வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து வாங்கிவிட்டாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மாமா சாப்பிடக் கூப்பிட்டார், பசியில்லை என்று படுத்துவிட்டேன். "நல்ல காரியம்தானே நடந்திருக்கு, அதுக்கு ஏண்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே?" என்கிறார். நல்ல காரியம்தான். யார் இல்லையென்றது? ஆனால் ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆகிவிடக் கூடாது பார். நான் அலைந்த அலைச்சல் இல்லாமல் குடிசைப் பெண்கள் உன் பின்னால் வந்திருப்பார்களா?

பொன்னாடை என்ன நிறம்? பூவிருந்தவல்லிக்காரர்கள் எனக்குப் பச்சைதான் போர்த்தினார்கள், அதுவும் மெல்லிசு. நான் இருந்தவரைக்கும் மற்றச் சங்கத்தார்தான் நம்மைப் பார்க்க வருவார்கள். நாமாகப் போய் நின்றதில்லை.

கட்டடம் முடிந்தால் கல் வைப்பீர்கள். கல்லில் பெயரே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், சேவைக்கு எதற்குப் பெயர்? போட்டே ஆக வேண்டுமென்றால் முறைப்படி சங்கத்தை ஆரம்பித்த தலைவி பெயர் முதலில் வரும். அது முறை, அவ்வளவுதான்.

குப்பம்மா விஷயம் கூடவே கூடாது. அவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். அவள் வீட்டு டீ நான் குடிக்காத டீயா? ஆனால் சேவை செய்கிறவர்கள் ஒரு பக்கம், வாங்கிக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம் என்று விதி எழுதியதே நான்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள். நான் வரும் வரையில் விதியில் கை வைக்காதே.

பார்வதம்

*

நெமிலிச்சேரி
15-12-1985

அன்புள்ள அக்காவுக்கு,

உடல்நலம் எப்படி? இங்கே மழை பெய்து ஊரே மிதந்தது, பேப்பரில் பார்த்திருப்பீர்கள். குடிசைகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். அம்பத்தூர்ச் சங்கம் போர்வை கொடுத்தது. பூவிருந்தவல்லிச் சங்கத்தார் வேலப்பன்சாவடியில் தண்ணீர் ஓடுகிற ரோட்டை லாரியில் தாண்டிவந்து அரிசி இறக்கினார்கள். நமக்குத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அலைச்சலில் கடிதம் எழுத முடியவில்லை. முடியவில்லை என்பதோடு, எழுத மனமும் வரவில்லை.

கட்டடம் முடிந்துவிட்டது. கல்லில் யார் பெயரும் போடவில்லை. நீங்கள் சொன்னபடியே. குப்பம்மாவையும் சேர்க்கவில்லை. அதுவும் நீங்கள் சொன்னபடியே.

மாவட்டத் தலைவி வருவது ஜனவரி 18, சனிக்கிழமை. நீங்கள் அவசியம் வர வேண்டும். மணியைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன்.

பொன்னாடை சிவப்பு.

கஸ்தூரி

*

ஜபல்பூர்
28-12-1985

அன்புள்ள கஸ்தூரிக்கு,

மழை பற்றிப் பேப்பரில் பார்த்து உங்களை நினைத்து நினைத்துத் தூங்கவில்லை. எல்லோரும் பத்திரம் என்றறிந்து உயிர் வந்தது. சுகுணாவை ஈரத்தில் விடாதே.

வர வேண்டுமென்றுதான் ஆசை. மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு, தனியே விட முடியாது. டிக்கெட்டும் கிடைக்காது. கிடைத்தாலும் இந்தக் குளிரில் பயணம் ஆகாது. இன்னும் காரணம் வேண்டுமென்றாலும் சொல்வேன்.

ஒரு யோசனை. மாவட்டத் தலைவி முன்னால் மணி இல்லாமல் கூட்டம் நடத்தினால் சங்கத்துக்குத்தான் தலைகுனிவு. பத்மாசனி அம்மாள் சம்பிரதாயம் பார்க்கிறவர். என் காலத்தில் ஒரு விசிட்டின்போது விளக்குத் திரி ஒருபக்கம் சாய்ந்திருந்ததற்கே முகத்தைச் சுளித்தார். அதனால் வருகையைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதிவிடு. ஜூலைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அப்போது நானும் இருப்பேன், மணியும் எப்படியாவது கிடைத்துவிடும். பொறுத்தார் பூமியாள்வார். ஆழம் தெரியாமல் காலை விட்டு நீ அவமானப்பட்டால் எனக்குத்தானே கஷ்டம்?

கல் பற்றி எழுதியிருந்தாய். நல்லது. மிகவும் நல்லது. நான் சொன்னதை இவ்வளவு அட்சரம் பிசகாமல் நீ கேட்டது இதுதான் முதல் தடவை.

ஆசிகளுடன்,
அக்கா பார்வதம்

*

நெமிலிச்சேரி
26-1-1986

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மாமாவின் ரத்தக்கொதிப்பு குறைந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். நாங்கள் நலம்.

வருகையைத் தள்ளிப்போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. நம் ஆட்கள், குடிசைப் பெண்கள், அம்பத்தூரில் இருந்தும் பூவிருந்தவல்லியில் இருந்தும் வந்த சங்கத்தார். மாவட்டத் தலைவி வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம், மணியடிக்க வேண்டிய நேரம். வனஜா என்னைப் பார்க்கிறாள், நான் வனஜாவைப் பார்க்கிறேன். பூவிருந்தவல்லிச் சங்கத்து மணியை இரவல் வாங்கலாமென்று வனஜா முன்பே சொன்னாள். அதில் அவர்கள் பெயர் வெட்டியிருக்கும், நான்தான் வேண்டாமென்றேன். குப்பம்மா சந்தனத் தாம்பாளத்தோடு ஓரமாக நின்றிருந்தாள். "இன்னாத்துக்கு முழிச்சிகினு கீறே? இத்தத் தட்டு" என்று நீட்டினாள். பக்கத்தில் விருந்துக்கு வைத்திருந்த கேசரிக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். டங்கென்ற சத்தத்தில் பின்வரிசைக் குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது.

போச்சு என்றுதான் நினைத்தேன். மாவட்டத் தலைவி சிரித்துவிட்டார்கள். "ஊர் ஊராகப் போய் ஒரே மணிச் சத்தம் கேட்டுக் காது புளித்துவிட்டது. இங்கேதான் கேசரி வாசனையோடு கூட்டம் தொடங்குகிறது" என்றார்கள். ஒரே கைதட்டல்.

பிறகு கட்டடத்தைப் பார்க்க நடந்தோம். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வெள்ளையடித்து, தண்ணீர்த் தொட்டி கட்டி, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறோம். குப்பம்மாவைப் பேசச் சொன்னார்கள். அவள் பேசியது இதுதான்: "மின்ன எல்லாம் வெடிகாலைல தண்டவாளத்தாண்ட போவோம். ரயிலு லைட்டு மேல பட்டா எழுந்து நிப்போம். போனப்புறம் ஒக்காருவோம். இன்னொரு ரயிலு வரும், திருப்பி எழுந்து நிப்போம். இப்போ ரயிலு பாட்டுக்கு ரயிலு போவுது, நாங்க பாட்டுக்கு நாங்க கீறோம்." யாரும் கைதட்டவில்லை அக்கா. மாவட்டத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

இந்த வருஷத்தின் சிறந்த சங்கம் நாம்தானாம்.

ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன், திருவேங்கடம் சம்சாரத்துக்குக்கூட. உங்கள் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு உங்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாளாவது அது இல்லாமல் இருக்கட்டுமென்று தோன்றியது. பிற்பாடு குப்பம்மா என்னிடம் வந்து, "அந்தம்மா பேரை ஏன் வுட்டுட்டே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அதனால் உங்களுக்கு ஒரு குறையுமில்லை.

கஸ்தூரி

*

ஜபல்பூர்
6-4-1986

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நீங்கள் அனைவரும் நலந்தானே? மாமா உப்பில்லாமல் சாப்பிட்டு என்னைத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார். எனக்கும் தலைவலியைத் தவிர ஒன்றுமில்லை.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டேன், நீ படிக்கக் கூடாத வார்த்தைகள். தாம்பாளத்தைத் தட்டியதற்குக்கூடப் பாராட்டு வாங்கியிருக்கிறாய். நான் சீமையில் இருந்து மணி வரவழைத்து அடித்திருந்தால்கூட அந்த அம்மாள் சத்தம் அதிகம் என்றிருப்பாள். உனக்கு ராசி அப்படி. குறைகூட நிறையாகிறது. சிறந்த சங்கம் என்ற பெயருக்கு நான் ஒவ்வொரு வருஷமும் காத்திருந்தேன். நான் ஊரை விட்டு வந்ததும் அது வந்திருக்கிறது.

என் பெயரை நீ சொல்லாததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. குப்பம்மா கேட்டாளே, அது போதும்.

மாமாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஜூலையில் ஆவடிக்குத் திரும்புகிறோம். பழைய குவார்ட்டர்ஸே கிடைக்கும் போலிருக்கிறது. மே மாதத்தில் சங்கத் தேர்தல் வரும். நான் நேரில் இல்லாவிட்டாலும் என் பெயரை யாராவது முன்மொழியலாம், விதியில் தடையில்லை. நீ பாவம், வீட்டையும் பார்த்துக்கொண்டு இத்தனை நாள் சுமந்துவிட்டாய். இனி இறக்கி வை.

இங்கே அரிசி டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் சங்கத்து மணி இருந்தது. எப்படித்தான் வந்ததோ! ஆவடிக்கு விடுமுறையில் வருகிற வரதன் என்ற பையனிடம் கொடுத்திருக்கிறேன். தேர்தல் கூட்டத்தை அதை அடித்தே தொடங்கு.

அன்புடன்,
அக்கா பார்வதம்

*

நெமிலிச்சேரி
18-5-1986

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நீங்கள் வருகிற செய்தி கேட்டுச் சுகுணா குதிக்கிறாள். இவர் உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க இப்போதே ஆள் பார்க்கிறார். உங்கள் தலைவலி போய்விட்டதா?

மணி வந்தது. பட்டுப்புடவை நூல் ஒன்று வளையத்தில் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன். வனஜாவிடம் காட்டவில்லை.

நேற்றுத் தேர்தல். நீங்கள் அனுப்பிய மணியை அடித்தேன். பேபி, "தாம்பாளம் எங்கே?" என்று கேட்டாள், சிரித்தார்கள். தலைவிப் பதவிக்கு நானே எழுந்து உங்கள் பெயரை முன்மொழிந்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், நாலு பேர் முன்னால் நல்ல பெயர் எடுக்கத்தான் எழுந்தேனோ என்னவோ, ஆனால் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

வழிமொழிய ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மேலே விசிறி சுற்றுகிற சத்தம்தான். சொர்ணம் தரையைப் பார்த்தாள். வனஜா எழுதிக்கொண்டே இருந்தாள், எழுத அங்கே ஒன்றுமே இல்லை. கடைசியில் பின்னால் இட்லிப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த குப்பம்மா கேட்டாள்: "ஒரு ஆளு எழுந்துகினா போதுமா? அப்போ நான் எழுந்துக்கிறேன்." எழுந்தும் நின்றுவிட்டாள். வனஜா, "நீ உறுப்பினர் இல்லை குப்பம்மா, உன் வழிமொழிவு செல்லாது" என்றாள். "அது இன்னா அது? பார்வதம்மா எனக்குக் கண்ணு குடுத்துகீது" என்றாள் அவள். விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவள் நின்றபடியே இருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை, பிறகு தானாகவே உட்கார்ந்தாள்.

பேபி என் பெயரைச் சொன்னாள். மண்டபமே எழுந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்தது அக்கா. குப்பம்மாவைப் பார்த்தபோது போய்விட்டது. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி வந்தது. பிறகு கேள்விப்பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமென்று நானே எழுதுகிறேன்.

கஸ்தூரி

*

ஜபல்பூர்
1-6-1986

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நாங்கள் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்குக் குறைவிருக்காது, தெரியும். மூட்டை கட்டத் தொடங்கிவிட்டோம். இந்தத் தடவை எதை எதில் சுற்றுகிறேன் என்று மாமா பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

யார் யார் எழுந்திருக்கவில்லை என்று நீ எழுதவில்லை. எழுதாதே. நானே ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். சொர்ணத்தின் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க நான் கண் விழித்தேன், அவளும்தான் எழுந்திருக்கவில்லை. முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. நான் கூப்பிட்டால் எல்லோரும் வருவார்களே என்று யோசித்தேன். வருவார்கள். பயந்துகொண்டு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

எனக்கு வயிறு எரிகிறது கஸ்தூரி. இங்கே இருக்கிற தமிழ்ப் பெண்பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. அவர்களுக்கு நான் இன்னும் தலைவி. நேற்றுகூட வழியனுப்பு விழா என்று மாலை போட்டு, ஊருக்குப் போய்ப் பெரிய பெரிய காரியம் செய்யுங்கள் தலைவியம்மா என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மாமாவிடம் சொன்னால் சிரிப்பார். உன் மேல் எனக்கு இருக்கிற பொறாமையைச் சொல்லி அழ உன்னை விட்டால் ஆளில்லை, இதுதான் என் தலையெழுத்து. நீ அந்த வாசலில் உட்கார்ந்தாயே, அதை என்னால் செய்திருக்க முடியாது. இன்னும் பத்து வருஷம் மனுதான் போட்டிருப்பேன், அவர்களும் ரயிலுக்கு எழுந்து எழுந்து நின்றிருப்பார்கள். இது தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. நீ தோற்றிருந்தால் உனக்காக எவ்வளவு நன்றாக அழுதிருப்பேன் தெரியுமா?

ஜூலைக் கூட்டத்துக்கு வருவேன். எல்லோரும் உனக்குக் கைதட்டும்போது நானும் தட்டுவேன். அப்போது என் முகத்தைப் பார்க்காதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

வந்ததும் முதல் காரியமாக அந்த விதியை நானே எழுந்து அடித்துவிடச் சொல்லப் போகிறேன். குப்பம்மாவை உறுப்பினராகச் சேர்க்க நான் முன்மொழிவேன், நீ வழிமொழிய வேண்டும். உடனே எழுந்துவிடு, என்னை மறுபடி அந்த விசிறிச் சத்தத்தைக் கேட்க வைக்காதே. அக்காவுக்கு மனசு திருந்திவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அடுத்த மே மாதம் தேர்தல் வரும். எனக்கு எழுந்து நிற்க ஓர் ஆள் வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தங்களுடன்,
அக்கா பார்வதம்